அப்புறம் என்ன, தாத்தா?

வடகரையில் அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஜப்பானிய ராமாயணம் பார்த்தேன். யூகோ சாகோ 1992-ல் முடித்த அனிமே. 2025 ஜனவரியில்தான் தமிழ் பேசிக்கொண்டு நம்மூர் தியேட்டர்களுக்கு வந்தது.

இந்த ராமன் ரொம்ப சாது. வில்லை வளைக்கும்போதும் கண்ணில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சண்டை முடிந்தது, அயோத்திக்குத் திரும்பியாச்சு, சுபம்.

சின்னவன் விடவில்லை. ‘‘அப்புறம் என்ன, தாத்தா?’’

அப்புறம்தானே கஷ்டம்! வால்மீகியின் உத்தரகாண்டத்தில், ஊர்ப்பேச்சுக்காகக் கர்ப்பிணி மனைவியைக் காட்டுக்கு அனுப்புகிறான். யாகத்தில் அவள் இடத்தில் தங்கப் பதுமை. பிறகு சீதை மண்ணுக்குள் போகிறாள். தம்பியையும் விலக்க நேர்கிறது. கடைசியில் சரயு நதியில் இறங்குகிறான்.

சாகோவை மட்டும் குறை சொல்வானேன்? கம்பனும் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டவன்தான். பக்கத்தில் குற்றாலத்தில் உட்கார்ந்து ரசிகமணி டி.கே.சி. கொண்டாடியது அந்தக் கம்பனைத்தான்.

ஆனால், ஒரு வித்தியாசம். கம்பனின் ராமனுக்கு, முடி என்றாலும் காடு என்றாலும் ஒரே முகம். அப்பா சொல்லுக்காக நாட்டை விட்டவன், ஊர்ச் சொல்லுக்காக எதைத்தான் விடமாட்டான் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே பயம் வருகிறது. படத்தின் ராமனிடம் அந்தப் பயம் வரவில்லை. பிரியம் மட்டும்தான் வருகிறது. அழகான படம்தான். பாதி ராமன்.

‘‘அப்புறம் ராமன் தனியா ஆயிட்டான்டா. எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டான்’’ என்றேன்.

‘‘சீதையக் கேட்டானா, தாத்தா?’’