நாற்பது நிமிட இறக்கம்

டிவியில் வந்த கார் நிகழ்ச்சிகளில் என் மனசுக்கு நெருக்கமானது, 2000களின் தொடக்கத்தில் வந்து, சில பகுதிகளோடு முடிந்துபோன 'விக்டரி பை டிசைன்'. ஆல்ஃபா ரோமியோ, ஃபெராரி, போர்ஷே, ஜாகுவார், மாசராட்டி என்று ஒரு நிறுவனத்துக்கு ஒரு பகுதி. நடத்தியவர் அலைன் டி காடனே. 1976இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர். விலைமதிப்பற்ற பழைய பந்தயக் கார்களைத் தானே ஓட்டிக்கொண்டு பேசுவார். எஞ்சின் பேச வேண்டிய இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். வளைவுக்கு முன்னால் கியரை இறக்கும்போது எழும் அந்த உறுமலை நாம் கேட்டே ஆகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வண்டியைக் காதால் ரசிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

அந்தக் காதோடு போகவேண்டிய இடம் திருப்பதி. சித்தூர் பக்கம் மலைப்பாதைகளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரு சாலையில் மொகிலி, மதனப்பள்ளி வழியில் பாக்கராப்பேட்டை. இரண்டுமே உயிர்களைக் காவு வாங்கியவை. ஆனால் ஓட்டுவதை ஒரு கலையாகப் பார்க்க வேண்டுமென்றால் திருமலைதான். 1944இல் போட்ட பழைய பாதை இப்போது இறங்குவதற்கு. 1974இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு.

2009இல் 'டாப் கியர்' குழு ருமேனியாவுக்குப் போய், அங்குள்ள டிரான்ஸ்ஃபகரஷான் மலைச்சாலையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. எவ்வளவு விரட்டலாம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. திருமலைக் கணக்கு நேர்மாறு. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் நேரம் வகுத்தது. சீட்டில் மணி குறித்துத் தருவார்கள். அந்த நேரம் முடியுமுன் அடிவாரத்து அலிபிரிக்கு வந்து நின்றால் அபராதம். இறங்கும் பாதை 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்படி ஒரு நிபந்தனையில் ஓட்டிக் காட்டுவதுதான் எனக்குப் பெரிய வித்தையாகப் படுகிறது.

திருமலையிலிருந்து இறங்கும் சப்தகிரி பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம், முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே கியர் இரண்டுக்கு இறங்கியிருக்கும். எஞ்சின் அடித்தொண்டையில் முனகி வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கில் கால் அழுந்தாது, தொட்டுத் தொட்டு விலகும். ஏர் பிரேக் 'புஸ்' என்று ஒருமுறை, விட்டு இன்னொருமுறை. அழுத்திக்கொண்டே வந்தால் லைனர் சூடேறிப் பிடிப்பு போய்விடும், கருகிய வாடை மூக்கில் ஏறும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பால பாடம்.

வளைவில் ஸ்டியரிங்கை உடனே ஒடிக்கமாட்டார். பஸ்ஸின் மூக்கு வெளிப்புறக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நீளும்வரை நேரே விடுவார். முன்சீட்டுக்காரருக்குக் கீழே பள்ளத்தாக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் கை மாற்றி கை மாற்றி ஒரே சுற்றில் முழுசாக ஒடிப்பார். பின்சக்கரம் உள்விளிம்பை உரசாமல் வந்து சேரும். பின்னால் யாரோ 'கோவிந்தா' என்பார்கள், மொட்டைத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். அந்தச் சாய்வில் குலுக்கல் இருக்காது. நல்ல டிரைவரா என்று அங்கே தெரிந்துவிடும்.

2022 செப்டம்பரில் இந்த மலைக்கு மின்சாரப் பஸ்கள் வந்தன. இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. மலைக்கும் அங்கே மூச்சுவிடுகிறவர்களுக்கும் அது நல்லது, சந்தேகமில்லை. அவற்றில் இரண்டாம் கியரின் முனகல் இல்லாததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தச் சத்தம் அடங்கியபின் டயர் தாரில் திரும்பும் ஓசை தனியாகக் கேட்கிறது. ஸ்டியரிங்கை எந்த நொடியில் ஒடித்தார் என்பதை இப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மோட்டார் எதுவானாலும் வளைவுக்குள் வண்டியை எந்தக் கோட்டில் விடுவது என்பது இன்னும் டிரைவர் கையில்தான் இருக்கிறது.