காசநோய் ஆய்வை எண்ணிப் பார்த்த கட்டுரை: ஒரு மதிப்பீடு

காசநோய் ஆய்வில் இந்தியாவும் சீனாவும் எங்கே நிற்கின்றன என்று அளந்து பார்த்த கட்டுரை ஒன்று 2002ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் சுப்பையா அருணாசலமும் குணசேகரனும். அருணாசலம் அப்போது தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார். 1990களில் வெளியான கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து திரட்டி, எந்த நகரம், எந்த நிறுவனம், எந்த இதழ், யாருடன் கூட்டு என்று பிரித்துக் காட்டினார்கள். உலகக் காசநோய் ஆய்வில் இந்தியாவின் பங்கு 5 முதல் 6 விழுக்காடு. சீனாவின் பங்கு 1 விழுக்காடு. நோயாளிகளின் எண்ணிக்கையிலோ இவ்விரு நாடுகளும் முன்வரிசையில் இருந்தன.

கட்டுரையின் சிறப்பு இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. இத்துறையில் வரும் பல கட்டுரைகள் நாடுகளை வரிசைப்படுத்தி, நமக்கு எத்தனையாவது இடம் என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. வருடக்கணக்கில் ரேங்க் அட்டை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மாணவனுக்கு எந்தப் பாடம் புரியவில்லை என்பதை ரேங்க் ஒருபோதும் காட்டாது. இவர்கள் ஆய்வின் பங்கை நோயின் பங்கோடு பக்கத்தில் வைத்தார்கள். பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி அதிலிருந்து தானாக எழுகிறது.

குறை அளவுகோலில் இருக்கிறது. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் சுட்டியில் இந்திய இதழ்கள் பலவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை. மாவட்ட மருத்துவமனை மருத்துவர் உள்நாட்டு இதழில் எழுதினால் அது அந்தக் கணக்கில் வராது. ஒரே சுட்டியை நம்பாமல் இவர்கள் வேறு தரவுத்தளங்களையும் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் கூட்டாய்வை அளக்கும் முறையில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இரண்டு நாட்டு முகவரிகள் இருந்தால் அது பன்னாட்டுக் கூட்டாய்வு, இல்லாவிட்டால் இல்லை.

இதைச் சோதிக்க நான் குடியிருக்கும் தேனாம்பேட்டையிலிருந்து அதிகத் தூரம் போக வேண்டாம். சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். சானடோரியத்தில் தங்கியவர்களையும், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே ஓராண்டு மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த முடிவும் ஒரு காரணம். மாத்திரையைக் கண்முன்னே விழுங்கச் செய்யும் முறைக்கும் சென்னையில் நடந்த ஆய்வுகளே வழிகாட்டின.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 90 பக்கங்களுக்கு மேல் அச்சாயின. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் பெயர் மட்டும். முகவரியை எண்ணுபவருக்கு இது ஒரு கட்டுரை, ஒரு நிறுவனம், ஒரு நகரம். கூட்டாய்வு: பூஜ்யம்!

உயிரித் தொழில்நுட்பத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூலக் கிருமி டெல்லியில் கண்டெடுக்கப்பட்டது. தயாரித்தது ஹைதராபாத் நிறுவனம். குழந்தைகளிடம் சோதனை நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. இதைக் கட்டுரை எண்ணிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அருணாசலமும் குணசேகரனும் செய்ததை இன்று யாராவது திரும்பச் செய்தால், முகவரியோடு நின்றுவிடாமல் கட்டுரையின் நன்றியுரையையும் படிக்க வேண்டும். சிகிச்சை வழிகாட்டிகளில் எந்த ஆய்வு எடுத்தாளப்பட்டது என்றும் தேட வேண்டும். மெதுவாக நடக்கிற வேலைதான். எங்களைப் போல் ஓய்வு பெற்றவர்களிடம் கொடுக்கலாம்.