'காஞ்சனா'வின் முடிவும் எழும்பி வராதவர்களும்

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த 'காஞ்சனா' 2011 இல் வெளிவந்தது. சிரிப்புப் பேய்ப்படம் என்று ஒதுக்கி வைத்திருந்த நான், பல வருடங்கள் கழித்து ஆரையம்பதியில் ஒரு தமிழ் நண்பரின் வீட்டில்தான் அதை முழுமையாகப் பார்த்தேன். அதன் முடிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரால் துரத்தப்பட்ட திருநங்கை காஞ்சனாவுக்கு (சரத்குமார்) அடைக்கலம் தருபவர் ஒரு பாய் (பாபு ஆண்டனி). மனவளர்ச்சி குன்றிய மகனோடு வாழ்பவர். வைத்தியசாலை கட்டக் காஞ்சனா வாங்கிய காணியை ஓர் அரசியல்வாதி அபகரிக்கிறான். மூவரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்படுகிறார்கள். முஸ்லிம் என்றால் குண்டு வைப்பவன் என்று பல படங்கள் காட்டிய தமிழ்ச் சினிமாவில் இந்தப் பாய் ஓர் ஆறுதல்.

முடிவில் கொலைகாரன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். காஞ்சனா தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள், வழி கிடைக்கிறது, அவன் சாகிறான். பின்னர் வைத்தியசாலையும் எழுகிறது. ஆனால் கோயில் வாசலில் முறையிடும் குரல் காஞ்சனாவுடையது மட்டுமே. அடைக்கலம் தந்த பாவத்துக்காகச் செத்த பாய்க்கும் மகனுக்கும் அங்கே தனியாக ஒரு முறைப்பாடு இல்லை.

படம் முடிந்ததும் நண்பரின் தாயார் சொன்னார்: "நம்மட ஆக்களும் இப்படி எழும்பி வந்தா எவ்வளவு நல்லம், மனே." 1990 இல் கூட்டிச் செல்லப்பட்ட அவரது சகோதரர் இன்னும் திரும்பவில்லை. மௌத்தானவரின் ரூஹு வந்து பழி தீர்க்கும் என்பது நமது நம்பிக்கையில் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கல்முனை வீதியில் தெற்கே போனால் குருக்கள்மடம். 1990 இல் பயணம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்கள் கடத்தப்பட்டு, கொன்று புதைக்கப்பட்ட இடம். வடக்கே மட்டக்களப்பு நகரைத் தாண்டினால் சத்துருக்கொண்டான். அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழ் மக்கள் கொல்லப்பட்ட இடம். இரண்டு மண்ணிலிருந்தும் யாரும் எழும்பி வரவில்லை.

ஆகவே எனக்கு இந்தப் படத்தின் பெறுமதி கொலையில் இல்லை, அதற்கு முந்திய ஒரு காட்சியில் இருக்கிறது. பொழுதுபட்டால் பேய்ப் பயத்தில் நடுங்குகிற ராகவா, பேய் ஓட்டப்பட்ட பிறகு காஞ்சனாவின் கதையை அறிந்து, தானாகவே தன் உடம்பை அவளுக்குக் கொடுக்கிறான். உயிரோடிருப்பவன் இறந்தவர்களின் வழக்கைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் இடம் அது. அந்தப் பெரிய விஷயத்தை முடிவு ஒரு சண்டையாகச் சுருக்கிவிடுகிறது. பேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவதால், பார்ப்பவனுக்கு வேலை எதுவும் மிஞ்சவில்லை.

நமக்கோ வேலை மிஞ்சியிருக்கிறது. அந்தத் தாயாரின் சகோதரருக்காக நானும், குருக்கள்மடத்துக்காக என் நண்பரும் எப்போதாவது குரல் கொடுத்தோமா? அந்தக் கேள்வியோடுதான் அன்றிரவு காத்தான்குடிக்குத் திரும்பினேன்.