வேரும் விதியும்

இத்தாலியில் 1970-இல் வட்டார ஆட்சிமன்றங்கள் பரவலாக அமைந்தன. அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. வடக்கில் அவை செழித்தன, தெற்கில் தளர்ந்தன. காரணத்தை இருபதாண்டுக் காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் பட்னம், ‘மேக்கிங் டெமாக்ரசி ஒர்க்’ (1993) என்னும் நூலில் விடை பகர்கிறார். அலுவலகங்களுக்கு வினாக்கள் விடுத்து, மறுமொழியின் விரைவையும் அளந்த அவர்தம் உழைப்பு போற்றற்குரியது.

பாடற்குழு, விளையாட்டுக் கழகம், நாளிதழ் வாசிப்பு ஆகியவற்றில் வெளிப்படும் பரஸ்பர நம்பிக்கையே நல்லாட்சியின் வேர் என்பது அவர் முடிபு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வேரை எண்ணூறு ஆண்டுகட்கு அப்பால், வடக்கின் நகரக் குடியாட்சியிலும் தெற்கின் நார்மன் முடியாட்சியிலும் தேடும்போது, வேர் விதியாகிவிடுகிறது.

புதிய மன்றங்கள் இருபதாண்டுகளில் உறுப்பினர்தம் கட்சிப் பகையைத் தணித்தன என்று நூலின் முற்பகுதியில் நிறுவுபவரும் அவரே. அமைப்பு மனிதரைத் திருத்தவல்லது எனில், தெற்கத்தியர் மட்டும் தம் முன்னோரின் கைதிகளாய் இருப்பது எங்ஙனம்?