டிசையர்: எந்த வேரியன்ட்டோடு நிற்பது?

மாருதி டிசையரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் மைலேஜ் என்பார்கள். அடுத்து, திருப்பி விற்றாலும் நல்ல விலை போகும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் 2024 நவம்பர் 11 அன்று வெளிவந்த நான்காம் தலைமுறை டிசையரை நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு, நான் முதலில் சொல்ல நினைப்பது வேறு. இதன் ஆகக் குறைந்த விலை வேரியன்ட்டான எல்எக்ஸ்ஐ-யிலேயே ஆறு ஏர்பேக், ஈஎஸ்பி, ஐந்து பேருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட் எல்லாம் வந்துவிடுகின்றன. பட்ஜெட் போட்டு வண்டி வாங்குகிறவர், பாதுகாப்புக்காக மேல் வேரியன்ட்டுக்கு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நிலை இதில் இல்லை.

குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த வண்டி பெரியவர்களின் பாதுகாப்புக்கு 34-க்கு 31.24 புள்ளி எடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகள் பிரிவில் 49-க்கு 39.20, நான்கு நட்சத்திரம். மாருதி வண்டி ஒன்று அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுவே முதல் முறை. பிறகு பாரத் என்கேப் சோதனையிலும் ஐந்து கிடைத்தது. 'மாருதியா, தகரம்' என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தவர்கள் இந்த ஒரு வண்டியின் விஷயத்திலாவது தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஈஎஸ்பி என்ன செய்கிறது என்று பலருக்கும் ஷோரூமில் யாரும் விளக்குவதில்லை. மழை பெய்து நனைந்த புறவழிச் சாலை. சென்டர் மீடியன் இடைவெளியில் திடீரென்று ஒரு பைக் குறுக்கே வருகிறது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புகிறோம்; உடனே மறுபக்கம் திருப்புகிறோம். வண்டியின் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும் அந்த நொடியில், எந்தச் சக்கரத்துக்கு பிரேக் தேவையோ அதற்கு மட்டும் கொடுத்து வண்டியை நேர்க்கோட்டுக்கு இழுத்துவருவது அதுதான். ஏர்பேக் விபத்து நடந்த பிறகு காப்பாற்றுவது. ஈஎஸ்பி விபத்தே நடக்காமல் பார்த்துக்கொள்ள முயல்வது. என்னைக் கேட்டால், சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை விட இதற்குத்தான் மனதாரக் கொடுப்பேன். இங்கே அது எல்லா வேரியன்ட்டிலும் அடக்கம்.

இனி எஞ்சின். பழைய டிசையரில் இருந்த நான்கு சிலிண்டர் கே-சீரிஸ் எஞ்சின் 90 பிஎஸ் சக்தி கொடுத்தது. வெண்ணெய் மாதிரி ஓடும். புதிய இசட்12இ எஞ்சின் அதே 1,197 சிசி, ஆனால் மூன்று சிலிண்டர். சக்தி 82 பிஎஸ், டார்க் 112 என்எம். சிலிண்டர் ஒன்று குறைந்ததால் உராய்வு குறைகிறது, மைலேஜ் கூடுகிறது. நிறுவனம் சொல்லும் கணக்கு: லிட்டருக்கு மேனுவலில் 24.79 கிலோமீட்டர், தானாகக் கியர் மாறும் ஏஎம்டி-யில் 25.71. எனக்கு நெரிசலான நகரத்தில் 16-ஐ ஒட்டியும், நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் 21, 22-ம் கிடைத்தது. ஒரு பெட்ரோல் செடானுக்கு இது மிக நல்ல எண்ணிக்கை.

இழந்தது எது என்பதையும் சொல்ல வேண்டும். சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது ஒரு மெல்லிய அதிர்வு சீட்டிலும் கிளட்ச் மிதியிலும் தெரிகிறது. பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கு அது உடனே தெரியும்; புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சில நாளில் பழகிவிடும். வேகம் பிடித்துவிட்டால் அதிர்வு மறைகிறது, ஆனால் எஞ்சினை 3,500-க்கு மேல் மிதித்தால் உறுமல் உள்ளே வருகிறது. நகரத்துக்குள் பிக்கப் போதும், போதும் என்பதற்கு மேலும்கூட. நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ்ஸை முந்த வேண்டும் என்றால் ஐந்தாவது கியரில் மிதித்துக் காத்திருப்பதில் பயன் இல்லை. மூன்றுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏற்காடு மலைப்பாதையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நான்கு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் வேகம் குறைந்து உள்ளே நுழைந்தால் வண்டி திணறுகிறது. முதல் கியருக்கு இறக்கினால்தான் ஏறுகிறது. வளைவு தாண்டி நேர்ப்பாதை வந்ததும் இரண்டாவது கியர் சுகமாக இழுக்கிறது. 2020-ல் நிறுத்தப்பட்ட டீசல் டிசையரின் இழுவையை மனதில் வைத்துக்கொண்டு இதில் ஏறுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த வண்டியில் 190 என்எம் டார்க். அதற்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது. வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர் என்றால் இதை யோசித்து வாங்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை.

ஏஎம்டி பற்றி ஒரு வார்த்தை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் நோகிறவர்களுக்கு அது உண்மையான நிவாரணம். மேனுவலை விட சுமார் 45 ஆயிரம்தான் கூட. மெதுவாக மிதித்து ஓட்டினால் கியர் மாறுவது பெரிதாகத் தெரியாது. அவசரமாக மிதித்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை லேசாக முன்னுக்குப் போய்வரும். சரிவான பார்க்கிங்கில் ஏற்றும்போது ஹில் ஹோல்டு வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் உருள விடுவதில்லை.

உட்காரும் வசதிக்கு வருகிறேன். நீளம் 3,995 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதற்காக எடுத்த அளவு இது. பெட்ரோல் 1,200 சிசி-க்குள், நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தால் சிறிய கார் என்று 2006 பட்ஜெட்டில் கலால் வரியைக் குறைத்தார்கள். இந்தக் குட்டி செடான் என்கிற வகையே அந்த வரிச் சலுகையில் பிறந்தது. டிசையர் 2008-ல் வந்தபோது நாலு மீட்டரைத் தாண்டித்தான் இருந்தது. 2012-ல்தான் வாலைச் சுருக்கினார்கள், அந்தத் தலைமுறையைப் பக்கவாட்டில் பார்த்தாலே டிக்கியை அரிவாளால் வெட்டியது தெரியும். இப்போதைய வண்டியில் அந்த அவலட்சணம் இல்லை. பின்பக்கம் இயல்பாக முடிகிறது.

பின் சீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் நிம்மதியாக உட்காரலாம். கால் நீட்ட இடம் நன்றாகவே இருக்கிறது. மூன்று பெரியவர்கள் என்றால் தோள் இடிக்கும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள்: சீட் தாழ்வாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ள அப்பா அம்மா ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது கதவு விளிம்பைப் பிடித்து எழ வேண்டியிருக்கும். இதே விலைக்குக் கிடைக்கும் பஞ்ச், எக்ஸ்டர் போன்ற உயரமான வண்டிகளில் நேராக உட்கார்ந்து நேராக இறங்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு அடுத்த பத்து வருடத்துக்கும் அவர்களைத்தான் வருத்தும்.

தரையிலிருந்து உயரம் 163 மில்லிமீட்டர். நம்மூர்த் தெருக்களில் ஆளுக்கொரு அளவில் போட்டுவைத்திருக்கும் ஸ்பீடு பிரேக்கர்களில் ஐந்து பேருடன் நேராக ஏறினால் சில இடங்களில் அடியில் உரசும். கொஞ்சம் சாய்வாக ஏற்றினால் தப்பிக்கலாம். மற்றபடி சஸ்பென்ஷன் அருமை. குண்டும் குழியுமான சாலையைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்கிறது. உயரமான வண்டிகளைப் போல வளைவில் ஆளை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தள்ளுவதும் இல்லை. சேலத்திலிருந்து சென்னை வரை ஒரே மூச்சில் ஓட்டி இறங்கியபோதும் இடுப்பு வலி இல்லை.

டிக்கி 382 லிட்டர். இரண்டு பெரிய சூட்கேஸ், மேலே இரண்டு பை, ஓரத்தில் ஒரு அரிசிச் சிப்பம் போகும். ஆனால் இது பெட்ரோல் வண்டியில்தான். சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் டிக்கியின் உள்பக்கம் குறுக்கே படுத்துக்கொள்கிறது. முன்னால் மிஞ்சும் இடத்தில் கைப்பைகளும் துணிப்பைகளும் போகும், சூட்கேஸ் போகாது. ஊருக்குப் போகும்போது பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டா போவது?

ஆகவே சிஎன்ஜி வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கூடுதல் விலை ஏறக்குறைய 87 ஆயிரம். நிறுவனம் சொல்லும் மைலேஜ் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர், நடைமுறையில் 26 என்று வைத்துக்கொள்வோம், பெட்ரோலுக்கு 18. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சிஎன்ஜி கிலோ 92 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 2 ரூபாய். போட்ட பணம் திரும்ப 42 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் ஆயிரம் ஓட்டுகிறவருக்கு மூன்றரை வருடம் ஆகும். அதற்கு டிக்கியைப் பலி கொடுக்க வேண்டாம். மாதம் 2,500 ஓட்டுகிறவருக்கு ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். அவர் தாராளமாக எடுக்கலாம். பங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே வரிசை எப்படி என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். சிஎன்ஜியோடு ஏஎம்டி-யும் டிக்கியில் இடமும் வேண்டும் என்றால் டாடா டிகோரைப் பாருங்கள். அதில் இரட்டை சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். டிசையரில் சிஎன்ஜி என்றால் மேனுவல் மட்டும்தான்.

விலை விஷயத்தில் 2025 செப்டம்பர் 22 முக்கியமான நாள். சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது 18-ஆகக் குறைந்தது. 6.79 லட்சத்தில் அறிமுகமான டிசையர் அதன் பிறகு சுமார் 6.26 லட்சத்தில் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. இங்கே சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான வண்டிக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அறிமுகத்தின்போது உச்ச வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி 10.14 லட்சம். வரி மட்டும் 1.82 லட்சம் வந்தது. ஜிஎஸ்டி குறைந்து விலை 9.3 லட்சத்தை ஒட்டி வந்ததும், 13 சதவீதத்தில் 1.21 லட்சத்தோடு முடிகிறது. ஷோரூம் விலையில் குறைந்ததோடு, ஆர்டிஓ-வில் 60 ஆயிரமும் மிச்சம்.

அதற்காக உச்ச வேரியன்ட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன். அங்கே கூடுதலாகக் கிடைப்பவை 9 அங்குலத் திரை, 360 டிகிரி கேமரா, சன்ரூஃப் ஆகியவை. கேமரா குறுகிய சந்தில் உண்மையிலேயே உதவும். சன்ரூஃப் சித்திரை வெயிலில் என்ன உதவும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எல்எக்ஸ்ஐ-யில் பாதுகாப்பு முழுசாக இருந்தாலும் பின் சீட்டுக்கு ஏசி வென்ட் கிடையாது, பாட்டுக் கேட்க எதுவும் கிடையாது. பாட்டுக் கருவியை வெளியே மாட்டிக்கொள்ளலாம் என்றாலும் பின் ஏசி வென்ட்டை மாட்ட முடியாது. ஆகவே என் தேர்வு விஎக்ஸ்ஐ மேனுவல். பின் ஏசி வென்ட், 7 அங்குலத் திரை, வயர் இல்லாமல் போனை இணைக்கும் வசதி, ஓட்டுநர் சீட்டை உயர்த்திக்கொள்ளும் வசதி எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. குடும்பம் அன்றாடம் தொட்டுப் பயன்படுத்தும் அத்தனையும் இங்கேயே முடிந்துவிடுகிறது. டேஷ்போர்டு முழுக்க கெட்டி பிளாஸ்டிக்தான், தட்டினால் சத்தம் வரும். மேல் வேரியன்ட்டிலும் அதே பிளாஸ்டிக்தான்.

எஞ்சின் மென்மைதான் முக்கியம், நெடுஞ்சாலையில்தான் அதிகம் ஓட்டுவேன் என்பவர்கள் ஹோண்டா அமேஸை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், 416 லிட்டர் டிக்கி. ஆட்டோமேட்டிக் எடுத்தால் சிவிடி கியர்பாக்ஸ் ஏஎம்டி-யை விட எவ்வளவோ சுகம். விலை கூடும், மைலேஜ் குறையும். ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து வரும் ஹூண்டாய் ஆராவிலும் நான்கு சிலிண்டர்தான்.

டிசையர்தான் என்று முடிவாகிவிட்டால், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, பக்கத்தில் உள்ள மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டியையே கேளுங்கள். வண்டி ஒதுக்கியதும் சேஸிஸ் எண்ணை வாங்கித் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிடுங்கள். பல மாதம் யார்டில் வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் வேறு கேட்கலாம். அடிப்படை உத்தரவாதம் மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். ஆன்ரோடு விலைப் பட்டியலில் சீட் கவர், மேட், பாலிஷ் என்று சேர்த்திருக்கும் ஆக்சஸரீஸ் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு, அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.