குளிர்ந்த இன்ஜினைக் கேட்கும் காது

ஒரு லாரி இன்ஜினின் உடல்நிலையை அறிய நல்ல நேரம் எது என்று திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் விசாரித்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் பண்ணும் நேரம்தான் என்பார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, பாடி கட்டுவதற்கு நாமக்கல், லாரிக்குச் சங்ககிரி என்று பேர்போன வட்டாரம். ரிக் லாரி என்றால் வண்டியை ஓட்ட ஓர் இன்ஜின், மேலே கம்ப்ரசரை ஓட்டப் பெரும்பாலும் இன்னோர் இன்ஜின். இத்தனை இன்ஜின்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காது தானாகவே தீட்டப்பட்டுவிடுகிறது. நாமக்கல் லாரியின் வண்ணப்பூச்சை எல்லோரும் நின்று ரசிக்கிறோம். இந்தக் காதுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

லாரியை ஸ்டார்ட் செய்த உடனே கிளப்பிவிட முடியாது. ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை நிற்க வேண்டும். மெக்கானிக் கேட்பது அந்தச் சில நிமிடங்களைத்தான். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதில் பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ரூடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கை அது உறிஞ்சிவிடும். டீசல் தாமதமாகப் பற்றும். அதற்குள் சேர்ந்துவிட்டதெல்லாம் ஒரேயடியாக வெடிக்கும். காலையில் கேட்கும் ‘கடகட’ அதுதான். எரியாமல் போனது வெள்ளைப் புகையாக வரும். மார்கழியில் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். சத்தம் கேட்பதில் புதுமை இல்லை, அது எப்படி அடங்குகிறது என்பதில்தான் விஷயம். ஆறு சிலிண்டரில் ஐந்து அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் அடம்பிடித்தால், அதற்கு டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

எந்தச் சிலிண்டர் என்று பிடிப்பது பார்க்க வேண்டிய காட்சி. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த கையால் ‘சும்மா இரு’ என்று பையனுக்குச் சைகை காட்டுவார். பழைய பம்ப் வைத்த இன்ஜின் என்றால் ஸ்பேனரை எடுத்து, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்துவார். டீசல் கசிந்து அந்தச் சிலிண்டர் வேலையை நிறுத்தும், இன்ஜின் தடுமாறும். எந்த நட்டைத் தளர்த்தியும் தடுமாற்றமே வரவில்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடந்த சிலிண்டர். “மூணாவதுங்க” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்.

காதால் இதைப் பிடிக்க முடிவதற்குக் கணக்கு இருக்கிறது. டாடா 697 என்ற பழைய இன்ஜினின் பெயரிலேயே 6 சிலிண்டரும் 97 மில்லிமீட்டர் துளையும் அடக்கம். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஆறு சிலிண்டர் நொடிக்கு 30 முறை வெடிக்கும். காது அதை எண்ணாது. ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுப்போனால் அந்த இடைவெளி நொடிக்கு 5 முறை வரும். ஐந்தைக் காது எண்ணும். கையை வைத்தால் கையும் எண்ணும். சீரான இன்ஜின் நடுங்குவதும் ‘மிஸ்ஸிங்’ உள்ள இன்ஜின் குலுங்குவதும் வேறு வேறு என்று மெக்கானிக்குகள் பார்த்த மாத்திரத்தில் சொல்வது இதை வைத்துத்தான்.

‘இன்ஜின் நடுங்குகிறதே’ என்று புதுக் கார் வாங்கியவர்கள் படும் காலை நேரக் கவலைக்கும் இதே காது போதும். மாருதி 800 வந்த 1983 முதலே மூன்று சிலிண்டர் நமக்குப் பழக்கம். 2024இல் புது ஸ்விஃப்டும் நான்கிலிருந்து மூன்றுக்கு மாறிவிட்டது. மூன்று சிலிண்டரில் முன்னும் பின்னும் உள்ள பிஸ்டன்கள் எதிரெதிராக இழுப்பதால் இன்ஜின் நீளவாக்கில் ஆடவே செய்யும். குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுக்க ஆவியாகாது. அதனால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டு, ஐட்லிங்கை 1,000 சுற்றுக்கு மேல் தூக்கி வைக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கத் தீப்பொறியையும் வேண்டுமென்றே தாமதமாக்கும். கரடுமுரடாகத் தெரியும் அந்த முதல் நிமிடத்தில் இன்ஜின் காற்றுக்காக ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருக்கிறது. இதைப் பழுது என்று சொல்வது தவறு.

கவலைப்பட வேண்டியது வேறு. சூடேறிய பிறகும் குலுக்கல் நிற்காவிட்டாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். விளக்கு சிமிட்டினால் ஒரு சிலிண்டர் எரிக்காமல் பெட்ரோலை வெளியே தள்ளுகிறது என்று பொருள். அது கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். இன்று ஸ்கேனர் எந்தச் சிலிண்டர் என்று எண் சொல்லிவிடும். ஆனால் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, மவுண்டிங் ரப்பரா என்று பிரிப்பதற்கு இன்னமும் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு வாய்ப்புத் தராமல் போவது பெரும்பாலும் வண்டிக்காரர்தான். இருபது கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜினைக் கொதிக்கவைத்துக் கொண்டுபோய் நிறுத்தி, “காலையில நடுங்குதுங்க” என்றால் அவர் எதைக் கேட்பார்? காலைப் பழுதைக் காட்ட வேண்டுமென்றால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிடுங்கள்; மறுநாள் சாவியை அவரே திருப்பட்டும்.