சந்தில் குடியிருக்கும் அழகு

பழைய வள்ளங்களை வாங்கிப் பழுது பார்த்து மறுபடியும் கடலுக்குப் போகிறவர் கையில் ஒப்படைக்கிற பழக்கத்தில் ஊறிப்போனவர்கள் நாலு பேர் கடற்கரையில் கூடினால், கலத்தின் அழகு முன்தலையாகிய அணியத்திலா, பாயிலா, விலா எலும்பாய் நிற்கும் வங்குகளின் ஒழுங்கிலா என்ற விவாதம் எழாமல் இராது. அணியத்தின் வளைவைப் புகழ்கிறவர்களோடு எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. பருமலில் பாய் விரிந்து காற்றை ஏற்கும் கோலத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், பலகையும் பலகையும் கூடுகிற அந்த மெல்லிய சந்தில்தான் கலத்தின் சகல சௌந்தரியமும் குடிகொண்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதும், விற்கும்போது கடைசியாகக் காட்டுவதும் அதைத்தான்.

வாங்குவதற்கு உகந்த காலம் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வரும் தை, மாசி மாதங்கள். கலத்தைக் கெடுப்பது கடல்நீர் என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. உப்பு மரத்தைக் காக்கிறது, மழைநீரே அதை உளுத்துப்போகச் செய்கிறது. ஆகையால் அணியத்தின் உட்கோணத்திலும் பின்தலையின் மடிப்பிலும், மழைநீர் தேங்கி வழியின்றி நின்ற இடங்களில், கத்தி முனையை மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். ஆணித் தலைகளிலிருந்து துரு வழிந்த கோடுகள் நீண்டிருந்தால், இரும்பு தான் அழிவதோடு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அழித்திருக்கிறது என்று கொள்ளலாம். ஊசித்துளை போன்ற துவாரங்கள் அடிப்பலகையில் தென்பட்டால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கடற்புழு நுழைகிற வாசல் அவ்வளவு சிறியது, உள்ளே அது குடைந்து போகிற பாதையோ முழம் நீளும். இவையெல்லாம் பலகையை மாற்றினால் தீருகிற தோஷங்கள். அயினிப் பலகையும், இயற்கையாகவே வளைந்த கருவேல வங்கும் வாய்த்துவிட்டால் வாங்கியவன் பாக்கியசாலி. அதன்பின் எஞ்சுவது சந்துகளைப் பஞ்சால் அடைக்கும் கலப்பத்து ஒன்றுதான்; அதில்தான் தொழிலின் சாரம் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் ஊரில், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளில் கை பழகிய முதிய ஓடாவி, அதாவது கலத்தச்சர், ஒருவர் இருந்தார். பஞ்சை விரலிடுக்கில் திரித்து, சிறு மடிப்புகளாகச் சந்தின் வாயில் நிறுத்தி, உளியைச் சற்றே சாய்த்து வைத்து மரச்சுத்தியால் அவர் தட்டத் தொடங்கினால், மிருதங்கத்துக்குச் சுருதி கூட்டும் வித்வானைப் போல் காதைத் தாழ்த்திக்கொண்டு அந்த ஒலியையே கவனித்திருப்பார். முதலில் மந்தமாக எழும் ஓசை வரவரக் கெட்டிப்பட்டு, ஒரு கட்டத்தில் கணீரென்று மாறும். அதற்குச் சற்று முன்பே அவர் கை நின்றுவிடும். ஏன் அத்துடன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டபோது, "கடலு தன்னால அடைச்சுக்கிடும் தம்பி, நாம அதுக்குக் கொஞ்சம் எடம் விட்டு வைக்கணும்" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. கோடை முழுவதும் கரையில் கிடந்த வள்ளத்தின் பலகைகள் சுருங்கிச் சந்துகள் வாய் பிளந்திருக்கும். பிளந்த அளவுக்கெல்லாம் பஞ்சைத் திணிப்பது எந்த முரட்டுக் கைக்கும் சாத்தியமே. ஆனால் கலம் நீரில் இறங்கி மரம் ஊறிப் பருக்கும்போது, இடமில்லாத பலகை ஆணியைத் தெறிக்கவிடும், அல்லது வங்கைப் பிளக்கும். எவ்வளவு திணிப்பது என்பதை அறிந்தவர்கள் பலர் உண்டு. எவ்வளவு விட்டுவைப்பது என்பதை அறிந்தவரே ஓடாவி. அதற்குமேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி வார்ப்பதெல்லாம் அந்த நிதானத்துக்குச் செய்யும் அலங்காரந்தான்.

தைத்த கலங்களின் பக்தர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுமுன் அலைகளைக் கடந்து பிரயாணிகளைக் கரைசேர்த்த மசூலாப் படகில் வங்கும் இல்லை, ஆணியும் இல்லை. கயிற்றால் தைத்த அதன் உடல் அலையின் மோதலுக்கு நெளிந்து கொடுக்கும் விந்தையை நானும் வியக்கிறேன். சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நம் கலங்களின் வம்சாவளியைத் தேடிச் சென்ற சிரத்தையும் வணக்கத்துக்குரியது. ஆயினும் நெளிந்து கொடுத்துப் பிழைப்பது ஒரு குணம் என்றால், அசையாமல் நின்று நீரையே தனக்குக் காவலாக ஆக்கிக்கொள்வது அதனினும் உயர்ந்த குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடியிழைப் படகுகளைப் பற்றி வாதாட விரும்பவில்லை. 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்து கலங்களை இழந்து நின்ற குடும்பங்களுக்கு நிவாரணமாக வந்தவற்றில் அவையே மிகுதி. அவற்றால் அடுப்பு எரிந்த வீடுகள் எத்தனையோ. என் மனத்தாங்கல் வேறு. பழைய மர வள்ளத்துக்கு மேலே கண்ணாடியிழையைப் போர்த்தி, புதியது என்று விற்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தை இருட்டிலேயே உளுத்துவிடுகிறது. மேனி பளபளக்க, எலும்பு மாவாகிறது. இன்னும் சிலர் சந்துகளில் மக்கை அப்பி, மேலே நீலமும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். அத்தகைய வள்ளம் ஒன்றை வாங்கிச் சுரண்டியபோது, பஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் சிமெண்ட் உதிர்ந்ததைக் கண்டு எனக்கு உண்டான துக்கம் லேசானதன்று.

ஆகவே என் கையில் வந்த கலத்தை வண்ணம் பூசுமுன்பே நீரில் இறக்கி, வாங்க வருகிறவரை அழைத்து வந்து காட்டுவதை நான் நியமமாகக் கொண்டிருக்கிறேன். முதல் நாள் அது கசியும், இறைக்கவேண்டியிருக்கும். மரம் ஊற ஊறக் கசிவு குறைந்து, சில நாளில் நின்றுபோகும். அதுவரை பொறுத்திருந்து பார்க்கிறவருக்குத்தான் கொடுப்பேன். அவர் விலையில் சற்றுக் குறைத்தாலும் எனக்குச் சம்மதமே.

இவ்வளவு பாடுபட்டு மீட்டதை ஏன் விற்கவேண்டும், ஒன்றிரண்டையேனும் கொட்டகையில் வைத்துப் பாதுகாக்கலாகாதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நிழலில் நிறுத்திய வள்ளம் உலரும். உலர்ந்தால் சந்து விரியும். விரிந்த சந்தை எந்தப் பஞ்சும் நெடுநாள் காக்காது. மேலும், கொட்டகையில் பூட்டிய கலத்தால் எந்த ஓடாவிக்கும் வேலை பிறப்பதில்லை. கடலில் உழைக்கிற கலமோ ஆண்டுதோறும் அவர் வாசலுக்கு வந்து நிற்கிறது, அவருடைய பேரனும் உளி பிடிக்கப் பழகுகிறான். மர வள்ளத்தின்மேல் மெய்யாகவே பிரீதி உள்ளவர்கள் அதை வாங்கட்டும், செம்மையாகப் பழுது பார்க்கட்டும், தாமதியாமல் விற்றுவிடட்டும்.